பனி நகரத்தில் ஒரு "கஞ்சி"!

காலண்டரின் கடைசித் தாளைக் கிழிக்கும்போது உங்கள் மனத்தில் என்ன தோன்றும்? "அப்பாடா! ஒரு வழியாகத் தொலைந்தது இந்த வருஷம்!" என்று பெருமூச்சு விடாதவர் யார்? மருந்துக் கடைப் பாக்கி, பிள்ளையின் கணக்குப் பரீட்சை, அக்கம்பக்கத்தாருடன் வந்த மனஸ்தாபம், காரியாலயத்தில் மேலதிகாரி முகம் சுளித்த நாள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி எறிந்தால் தேவலை போலிருக்கும்.

நாம் பெருமூச்சோடு நிறுத்திக் கொள்கிறோம். ஜப்பானியர்களோ அதற்கென்று ஒரு விருந்தே வைத்திருக்கிறார்கள்! "போனென்கை" என்பது அதன் பெயர். "போ" என்றால் மறத்தல். "நென்" என்றால் ஆண்டு. "கை" என்றால் கூட்டம். ஆக, ஆண்டை மறப்பதற்கான கூட்டம். டிசம்பர் பிறந்துவிட்டால் போதும். காரியாலயத்துச் சகாக்கள், பழைய பள்ளித் தோழிகள், சங்கீதம் கற்றுக் கொள்கிறவர்கள் என்று ஒவ்வொரு கோஷ்டியும் ஒரு போனென்கை நடத்தாமல் விடுவதில்லை.

இது நேற்று முளைத்த நாகரிகம் என்று எண்ண வேண்டாம். 1430-ம் வருஷத்தில் ஓர் இளவரசர் எழுதிய நாட்குறிப்பிலேயே, ஆண்டின் கடைசி மாதத்தில் சிலர் கூடிக் கவிதை கட்டி, பிறகு மது அருந்திக் கூத்தாடி, "ஆண்டை மறந்த" செய்தி இருக்கிறது. தொடர்கதைப் பிரியர்களான உங்களுக்கு இன்னொரு தகவல்: நட்ஸுமே ஸோஸெகி என்ற புகழ்பெற்ற எழுத்தாளர் 1905-ல் ஒரு பத்திரிகையில் எழுதத் தொடங்கிய "நான் ஒரு பூனை" என்ற கதையிலும் போனென்கை வருகிறது. ஒரே இதழோடு முடிவதாக இருந்த அந்தக் கதை வாசகர்களின் வரவேற்பினால் தொடர்கதையாக வளர்ந்ததாம். வாசகர்களின் சக்தி எல்லா ஊரிலும் ஒன்றுதான்!

பூமிக்கு அடியில் ஒரு கடைவீதி

போனென்கையை டோக்கியோவிலும் பார்க்கலாம். ஆனால் டோக்கியோவின் டிசம்பர் பெரும்பாலும் வெயில் அடிக்கும் வறண்ட குளிர். அங்கே பனி பெய்வது அபூர்வம். மெய்யான பனிக்காலத்து விருந்தைப் பார்க்க வேண்டுமானால் வடக்கே ஹொக்கைதோ தீவுக்கு, அதன் தலைநகரான சப்போரோவுக்குப் போக வேண்டும்.

சப்போரோ என்பது ஜப்பானியப் பெயர் அல்ல. அந்தத் தீவின் ஆதிகுடிகளான ஐனு மக்களின் மொழியிலிருந்து வந்தது. 1869-ல்தான் ஜப்பானிய அரசாங்கம் அங்கே ஒரு புதிய நகரத்தைக் கட்டத் தொடங்கியது. ஆகவே தெருக்கள் சதுரங்கப் பலகையில் கோடு போட்டாற்போல் நேராக ஓடுகின்றன. இன்று ஏறக்குறைய 20 லட்சம் பேர் அங்கே வசிக்கிறார்கள். ஒரு பனிக்காலத்தில் விழும் பனியையெல்லாம் கூட்டிப் பார்த்தால் சராசரியாக 5 மீட்டருக்கு அருகில் வரும். இவ்வளவு பனி விழும் ஊரில் இத்தனை லட்சம் பேர் வாழ்வது உலகிலேயே அபூர்வம். 1972-ல் பனிக்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்ததும் இங்கேதான்.

டிசம்பரில் அங்கே போய் இறங்கியதும் நம்மைப் போன்ற வெயில் தேசத்தார் செய்யும் முதல் காரியம், கால்களை நம்பாமல் இருப்பது! மிதிபட்டு மிதிபட்டுப் பனி கண்ணாடி போல் வழுக்குகிறது. உள்ளூர்வாசிகள் பெங்குவின் பறவையைப் போல் சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதையும் தரையில் பதித்து நடக்கிறார்கள். அதைவிடப் புத்திசாலிகள் பூமிக்கு அடியில் நடக்கிறார்கள். ரயில் நிலையத்திலிருந்து ஓதோரி என்னும் பூங்கா வரை 2011-ல் ஓர் அகலமான சுரங்கப் பாதை போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து தெற்கே ஸுஸுகினோ என்ற உல்லாசப் பேட்டை வரைக்கும் பூமிக்கு அடியிலேயே கடைவீதி போகிறது. மேலே வெண்பனி கொட்டிக் கொண்டிருக்க, கீழே மேலங்கியைக் கழற்றிக் கையில் போட்டுக் கொண்டு ஸ்திரீகள் சாவதானமாகக் கடை பார்க்கிறார்கள்!

ஆனாலும் ஓதோரியில் ஒரு முறை படியேறி வெளியே வந்து பார்க்கத்தான் வேண்டும். ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் பூங்கா அது. அதன் ஒரு கோடியில் 1957-ல் எழுப்பிய டெலிவிஷன் கோபுரம். 1981-ல் அங்கே 1,048 விளக்குகளைக் கொண்டு ஓர் ஒளி அலங்காரத்தைத் தொடங்கினார்கள். இப்போது விளக்குகள் லட்சக் கணக்கில். விளக்கின் நிறம் கீழே கிடக்கும் பனியில் ஊறி, தரையே எரிவது போல் தோன்றுகிறது. சப்போரோவும் ஜெர்மனியின் ம்யூனிக் நகரமும் 1972-ல் சகோதரி நகரங்கள் ஆயின. அந்த உறவின் பேரில் 2002 முதல் ஜெர்மன் பாணியில் ஒரு கிறிஸ்துமஸ் சந்தையும் அங்கே கூடுகிறது. இந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் போனென்கைக்குப் போகலாம்.

குடிக்கும் கஞ்சி அல்ல!

விருந்து தானாக நடந்துவிடுமா? முன்னின்று நடத்த ஒருவர் வேண்டாமா? அப்படிப்பட்டவருக்கு ஜப்பானிய மொழியில் "கஞ்சி" என்று பெயர். சிரிக்காதீர்கள்! ஜுரம் வந்தால் நாம் குடிக்கிறோமே, அந்தக் கஞ்சி அல்ல. உச்சரிப்பு மட்டும் ஏறக்குறைய அதேதான். பெரும்பாலும் காரியாலயத்தில் வயதில் இளையவர் தலையில்தான் இந்தப் பொறுப்பு விழும். விருந்து நன்றாக அமைந்தால் சமையற்காரருக்குப் பெயர். கெட்டுப் போனால் கஞ்சிக்குக் கெட்ட பெயர். வீட்டு விசேஷங்களில் உங்களுக்கு நடப்பதுதான் இது. நான் விளக்க வேண்டியதே இல்லை.

சப்போரோவில் ஒரு நண்பர் தம் காரியாலயத்து விருந்துக்கு என்னையும் அழைத்துப் போனார். 18 பேர் வேலை பார்க்கும் இடம். அந்த வருஷத்துக் கஞ்சி, வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத ஒரு பெண். அவள் செய்திருந்த ஏற்பாட்டை நண்பர் விவரித்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது.

நவம்பர் தொடக்கத்திலேயே அவள் எல்லாருக்கும் செல்போனில் ஒரு கேள்வித் தாள் அனுப்பிவிட்டாள். டிசம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை மாலைகள் கல்யாண மண்டபங்களின் முகூர்த்த நாள் மாதிரி; முந்திக் கொள்ளாவிட்டால் இடம் கிடைக்காது. எந்தத் தேதி வசதி? என்ன சாப்பிட மாட்டீர்கள்? மது உண்டா, இல்லையா? வீடு எவ்வளவு தூரம், எத்தனை மணிக்குள் கிளம்ப வேண்டும்? இவ்வளவுதான் கேள்விகள். "வரவில்லை" என்று எழுத ஒரு கட்டமும் இருந்தது. ஆனால் "ஏன் வரவில்லை?" என்ற கேள்வி மட்டும் அதில் கிடையாது.

பதில்களைப் பார்த்து விருந்தை மாலை 5.30 மணிக்கு வைத்தாள். காரியாலயத்தில் கைக்குழந்தைக்காரிகள் இரண்டு பேர் இருந்தார்கள். குழந்தை தூங்குமுன் அவர்கள் வீடு திரும்ப வேண்டும். பிறகு இடம். சாப்பாட்டு விடுதி எவ்வளவு அழகாக இருந்தாலும், சுரங்கப் பாதையின் வாசலிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் பனியில் நடக்க வேண்டியிருந்தால் வேண்டாம் என்று ஒதுக்கினாள். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒருவருக்கு முழங்கால் வலி! கடைசியாகப் பணம். இப்படிப்பட்ட விருந்துக்கு ஆளுக்கு 4,000, 5,000 யென் ஆவது சாதாரணம். அதை முன்கூட்டியே வசூலித்துவிட்டாள். மேலதிகாரிகள் கூடப் போட்டார்கள். இளையவர்களுக்குக் குறைத்துக் கொண்டார்கள்.

பணம் கேட்பதில் அவளுக்குக் கூச்சமே இல்லை. ஹொக்கைதோவில் கல்யாணத்துக்குப் போனாலே அப்படித்தான்! ஜப்பானின் மற்றப் பகுதிகளில் மொய்ப்பணத்தைத் தடித்த உறையில் வைத்துக் கொடுப்பார்கள். இங்கேயோ எல்லாருக்கும் ஒரே கட்டணம். வாசலில் செலுத்தினால் ரசீதுகூடக் கிடைக்கும். வெறும் கையோடு குடியேறியவர்களின் பூமி அல்லவா? ஒருவர் தலையில் பாரம் விழாமல் பகிர்ந்து கொள்ளும் பழக்கம் நிலைத்துவிட்டது.

விருந்துக்கு வந்த சோதனை

இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது.

பழைய போனென்கை எல்லாருக்கும் சந்தோஷம் தருவதாக இருக்கவில்லை. அங்கே தம் கிண்ணத்தில் தாமே ஊற்றிக் கொள்வது மரியாதை அல்ல. பிறருக்கு ஊற்ற வேண்டும், பிறர் நமக்கு ஊற்ற வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு அழகான சம்பிரதாயம்! ஆனால் நடைமுறையில் இளையவர்களும் பெண்களும் புட்டியைத் தூக்கிக் கொண்டு மேலதிகாரிகளைச் சுற்றிச் சுற்றி வர வேண்டியதாயிற்று. வேலையில் ஆணும் பெண்ணும் சமம் என்ற சட்டத்தை 1985-ல் நிறைவேற்றினார்கள். என்றாலும் விருந்து மேஜையை எட்டிப் பார்க்கச் சட்டத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. "இன்று மரியாதை பார்க்க வேண்டாம்" என்று மேலதிகாரி தாராளமாகச் சொல்வார். அதை நம்பி மெய்யாகவே மரியாதையை மறந்தவர் பாடு மறுநாள் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்!

2019 டிசம்பரில் இளைஞர்கள் பொறுமை இழந்தார்கள். "போனென்கைக்கு டிமிக்கி" என்று பொருள்படும் ஒரு வாசகம் சமூக ஊடகங்களில் தீப்போல் பரவியது. சம்பளம் இல்லாத வேலை நேரம்தானே இந்த விருந்து என்பது அவர்கள் கேள்வி. அடுத்த வருஷமே கொரோனா வந்து எல்லா விருந்தையும் நிறுத்திவிட்டது. அவரவர் வீட்டில் கம்ப்யூட்டர் திரைக்கு முன் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார்கள். அதிகாரத்தைக் காட்டி ஊழியரைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் பொறுப்பைச் சட்டம் 2020-ல் பெரிய நிறுவனங்கள் மேலும், 2022-ல் சிறிய நிறுவனங்கள் மேலும் சுமத்தியது. நோய் தணிந்தபின் விருந்துகள் திரும்பின. ஆனால் பழைய அதட்டலோடு திரும்ப முடியவில்லை. சில இடங்களில் பகல் விருந்தாகவே மாறிவிட்டன.

இனி யாரையும் இழுத்து வர முடியாது. வர வேண்டும் என்று அவர்களுக்கே தோன்ற வேண்டும். அந்தப் பெண்ணின் தலையில் விழுந்திருந்த பொறுப்பு அதுதான்.

கதவோர ஆசனம்

விடுதிக்குள் நுழைந்ததும் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுப் பாய் விரித்த அறைக்குப் போனோம். தாழ்ந்த மேஜைக்கு அடியில் காலைத் தொங்கப் போட்டுக் கொள்ளப் பள்ளம். அதற்குள் இதமான சூடு.

ஜப்பானில் யார் எங்கே உட்காருவது என்பது பெரிய சாஸ்திரம். வாசலுக்கு வெகு தூரத்தில் இருப்பது உயர்ந்த ஆசனம்; கதவோரம் கடைசி ஆசனம். பனி தேசத்தில் இதற்கு அர்த்தம் கேட்பானேன்? கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஊதல் காற்று யார் முதுகில் அடிக்கும்? வருகிற தட்டுகளை வாங்கிக் கொடுப்பதும் காலித் தட்டுகளைத் திருப்பித் தருவதும் கதவோரத்தார் வேலை. கஞ்சியின் இடம் அதுதான்.

அந்தப் பெண் வாசலில் ஒரு துணிப் பையை நீட்டினாள். உள்ளே எண் எழுதிய சீட்டுகள். எந்த எண் வருகிறதோ அதுவே ஆசனம்! தன்னுடைய கதவோர இடத்தை மட்டும் சீட்டில் சேர்க்கவில்லை. ஒவ்வொருவராக எடுத்தார்கள். காரியாலயத் தலைவரும் எடுத்தார். அவருக்கு வந்ததோ கதவோரத்தில், கஞ்சிக்குப் பக்கத்து இடம்!

அறை ஒரு கணம் நிசப்தமாகிவிட்டது. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். நடுவயதுக்காரர் ஒருவர் தம் சீட்டைத் தலைவரிடம் நீட்டக் கையைக்கூட உயர்த்திவிட்டார். மனிதர் சீட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு தம் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு அங்கேயே போய் உட்கார்ந்து கொண்டார். முதல் தட்டு வந்தபோது, கையை நீட்டி வாங்கி உள்ளே அனுப்பியவரும் அவரே. அதன் பிறகுதான் அறையில் மெய்யான பேச்சுச் சத்தம் எழுந்தது. உயர்ந்த ஆசனத்தில் யார் இருந்தார்கள் தெரியுமா? அந்தக் கைக்குழந்தைக்காரிகளில் ஒருத்தி! கூச்சத்தோடு உட்கார்ந்தவள், சூடான சட்டி வந்ததும் கூச்சத்தை மறந்துவிட்டாள்.

அவர்கள் ஊர்க் கூட்டாஞ்சோறு

பனிக்கால விருந்தின் நாயகன் அந்தச் சட்டிதான். "நாபே" என்பார்கள். மேஜை நடுவில் ஒரு சின்ன எரிவாயு அடுப்பு. அதன்மேல் கனத்த மண்சட்டி. ஹொக்கைதோவின் சொந்தச் சரக்கு "இஷிகாரி நாபே". இஷிகாரி ஆற்று முகத்துவாரத்துச் செம்படவர்களின் உணவு அது. சால்மன் மீன், முட்டைக்கோஸ், வெங்காயம், உருளைக்கிழங்கு, சோயாப்பாலிலிருந்து செய்த டோஃபு ஆகியவை, சோயா மொச்சையைப் புளிக்க வைத்த விழுது கரைத்த சாற்றில் கொதிக்கின்றன. எல்லாரும் ஒரே சட்டியிலிருந்து எடுத்து அவரவர் கிண்ணத்தில் போட்டுக் கொள்கிறார்கள். "இப்போது கிழங்கு போடு, இப்போது மூடியைத் திற" என்று உத்தரவு போட ஒருவர் எங்கிருந்தாவது முளைத்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு "சட்டி மாஜிஸ்திரேட்" என்று பட்டப் பெயரே உண்டு. நம் வீட்டுச் சமையலறையிலும் ஒரு மாஜிஸ்திரேட் இல்லாமலா?

எனக்கோ மரக்கறிதான். ஜப்பானில் இது லேசான விஷயம் அல்ல. காய்கறிச் சாறு என்று நினைத்துக் குடிப்பதில்கூட உலர்ந்த மீன் சீவல் கலந்திருக்கும். ஆனால் என் முன் ஒரு தனிச் சின்னச் சட்டி வந்தது. "கொம்பு" என்ற கடற்பாசியை மட்டும் ஊற வைத்து எடுத்த சாறு அதில். ஜப்பானுக்கு வேண்டிய கொம்பில் மிகப் பெரும்பகுதி ஹொக்கைதோ கடலிலிருந்தே கிடைக்கிறது. அதில் காளானும் கிழங்கும் டோஃபுவும் வெந்தன. நண்பர் என் பொருட்டு நவம்பரிலேயே கேள்வித் தாளை நிரப்பிவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் மிச்சச் சாற்றில் சோற்றைப் போட்டுக் கிண்டினார்கள். தளதளவென்று வந்ததைப் பார்த்ததும், "அட, இதுதான் கஞ்சி!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நண்பர் விளக்கியதும் அறை முழுவதும் சிரிப்பு. கதவோரத்தில் இருந்த கஞ்சியும் சிரித்தாள்.

இரண்டு மணி நேரத்தில் விருந்து முடிந்துவிட்டது. முடிவிலும் ஒரு முறை உண்டு. எல்லாரும் எழுந்து நின்று சேர்ந்தாற்போல் கை தட்டினார்கள்: மூன்று, மூன்று, மூன்று, பிறகு ஒன்று. ஒன்பது என்ற எழுத்தோடு ஒரு சின்னக் கோடு சேர்த்தால் ஜப்பானிய எழுத்தில் அது வட்டம் என்று ஆகிவிடுமாம். ஒன்பது தட்டோடு ஒரு தட்டு; காரியம் குறையில்லாமல் முழுமை பெற்றது என்று அர்த்தம். குழந்தைக்காரிகள் பாதாள ரயிலுக்கு ஓடினார்கள். மது வேண்டாதவர்கள் அடுத்த தெருவுக்குப் போனார்கள். இரவின் முடிவில் பழமும் ஐஸ்கிரீமும் அடுக்கிய உயரமான கண்ணாடிக் கோப்பையைக் காலி செய்வது சப்போரோவின் புதிய பழக்கம். வெளியே பனி கொட்டும்போது ஐஸ்கிரீமா என்று கேட்காதீர்கள். அந்த ஊர் வீடுகளுக்குள் அவ்வளவு வெதுவெதுப்பு!

நீங்கள் நடத்துவதானால்...

டிசம்பரில் ஜப்பானியர் வீட்டை மூலைமுடுக்கு விடாமல் சுத்தம் செய்கிறார்கள். நம் போகிக்கு முந்திய அமளிதான். 31-ம் தேதி நள்ளிரவில் புத்த ஆலயங்களில் 108 முறை மணி அடிக்கிறார்கள். 108 என்ற எண்ணை நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டுமா?

நம் ஊர் மாதர் சங்கத்திலோ, காரியாலயத்திலோ, அடுக்குமாடிக் குடியிருப்பிலோ நீங்களும் ஒரு ஆண்டுக் கடைசி விருந்து நடத்த நினைக்கலாம். பனி என்று சொல்லிச் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டுவதற்கு ஒரு நாள் போதும். அதற்கு ஒரு மாதம் முன்பே அந்தக் கேள்வித் தாளை அனுப்பிவிடுங்கள். யாருக்கு எது ஆகாது, யார் சீக்கிரம் வீடு திரும்ப வேண்டும், யாருக்குப் படியேற முடியாது என்று தெரிந்து கொள்ளுங்கள். பணத்தை ஒளிவுமறைவில்லாமல் முன்னதாகவே வாங்குங்கள். ஆசனத்துக்குச் சீட்டுப் போடுங்கள். மேஜை நடுவில் எல்லாரும் கை நீட்டி எடுக்கும்படி ஏதாவது ஒன்று கொதித்துக் கொண்டிருக்கட்டும்; ரசமானாலும் சரி, சுக்குக் காப்பியானாலும் சரி. நேரத்தோடு முடித்து விடுங்கள்.

வர முடியாது என்றவரைக் காரணம் கேட்காதீர்கள். அடுத்த வருஷம் அவரே முதலில் வந்து நிற்பார்.

கதவோர ஆசனம் மட்டும் உங்களுடையது. தனியாக இருக்குமே என்று அஞ்ச வேண்டாம். நல்லபடியாக ஏற்பாடு செய்துவிட்டால், தட்டை வாங்கிக் கொடுக்கப் பக்கத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் வந்து உட்காருவார்!